கேமில் ஓட்டும் டாங்கியும் உள்ளே இருக்கும் நாலு பேரும்

கேள்வி இதுதான்: வார் தண்டர், ஆர்மா, ஸ்டீல் பீஸ்ட்ஸ் மாதிரியான கேம்களில் வரும் நவீன டாங்கிச் சண்டை எந்த அளவுக்கு நிஜம்? டாங்கிக்குள் இருந்து உண்மையிலேயே சண்டை போட்டவர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறதா?

நான் படையில் இருந்தவன் இல்லை. இந்தக் கேம்களைப் பல வருடமாக விளையாடுகிறேன். கிட்டத்தட்ட அதே அளவு நேரம் டாங்கி வீரர்கள் எழுதியதையும், படைகளின் பயிற்சிக் கையேடுகளையும் படிப்பதில் செலவழித்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரும்பு சம்பந்தப்பட்ட விஷயங்களில் நல்ல கேம்கள் ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாக இருக்கின்றன. ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை, அடி விழுந்த பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வந்துவிட்டால் அநேகமாக எல்லாக் கேமும் தவறு. என் பதில் முழுக்க இதைச் சுற்றித்தான்.

முதலில் கேம்களுக்குச் சேர வேண்டிய பாராட்டு. சோவியத் டி-72 டாங்கி ரிவர்ஸில் மணிக்குச் சுமார் 4 கிலோமீட்டர்தான் போகும். ஒரு ஆள் நடக்கிற வேகம். ஜெர்மனியின் லெப்பர்ட் 2 ரிவர்ஸிலேயே 30 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். புத்தகத்தில் இது ஒரு வரி, படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவோம். கேமில் மேடேறி ஒரு குண்டு சுட்டுவிட்டு, பதில் குண்டு வருவதற்குள் பின்வாங்க முடியாமல் நாலைந்து தடவை செத்த பிறகுதான் அந்த வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைக்கும். குழலை எவ்வளவு கீழே சாய்க்கலாம் என்பதும் அப்படித்தான். அமெரிக்காவின் ஆப்ராம்ஸ் 10 டிகிரி வரை சாய்க்கும், டி-72 சுமார் 6 டிகிரி. வித்தியாசம் வெறும் 4 டிகிரி. ஆனால் ஒரே மேட்டில் நின்றால் ஆப்ராம்ஸ் தலையை மட்டும் நீட்டிச் சுட்டுவிடும், டி-72 உடம்பையும் வெளியே கொண்டுவந்தாக வேண்டும். நிலத்தின் ஏற்ற இறக்கம் ஒரு டாங்கிக்கு எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது கேம்தான்.

குண்டுகளை எங்கே வைக்கிறார்கள் என்பதையும் நன்றாகவே காட்டுகிறார்கள். டி-72-இல் 22 குண்டுகள் வீரர்களின் இருக்கைகளுக்கு அடியிலேயே வட்டத் தட்டில் அடுக்கியிருக்கும், இயந்திரமே எடுத்துக் குழலில் ஏற்றும். கவசம் துளைபட்டு அந்த வெடிமருந்து பற்றிக்கொண்டால், மேலே சுழலும் டரெட்டையே பிய்த்து எறியும். ஆப்ராம்ஸில் பெரும்பாலான குண்டுகள் டரெட்டின் பின்பக்கத்தில் கனமான கதவுக்கு அப்பால் இருக்கும். அங்கே தீப்பிடித்தால் கூரையில் உள்ள தகடுகள் பிய்த்துக்கொண்டு போய் வெடிப்பு மேல்பக்கமாக வெளியேறிவிடும், உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வழி உண்டு. இதையெல்லாம் இவ்வளவு கவனமாகச் செய்யக் காரணம், விளையாடுபவர்களே தவறு கண்டுபிடிப்பதில் அவ்வளவு தீவிரமாக இருக்கிறார்கள். 2021-இல் வார் தண்டரில் பிரிட்டனின் சேலஞ்சர் 2 சரியாக இல்லை என்று வாதாடிய ஒருவர், அதை நிரூபிக்க அந்த டாங்கியின் கையேட்டுப் பக்கங்களையே வெளியிட்டுவிட்டார். அது பொதுவில் வரக்கூடாத ஆவணம்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய டாங்கிகளின் கலப்புக் கவசம் நிஜமாக எவ்வளவு தாங்கும் என்பது இன்னமும் ராணுவ ரகசியம். கேமில் காட்டும் மில்லிமீட்டர் கணக்கு, வெளியே கிடைத்த தகவல்களை வைத்துப் போட்ட மதிப்பீடு. அதை வைத்து எந்த டாங்கி எதை ஜெயிக்கும் என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

சரி, இனி வித்தியாசங்களுக்கு வருவோம். என் கணக்கில் இவற்றில் மிகப் பெரியது பார்வை.

கேமில் பெரும்பாலானவர்கள் டாங்கியை அதற்குப் பின்னால், சில மீட்டர் உயரத்தில் மிதக்கும் கேமரா வழியாகப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். டாங்கி மேட்டுக்குப் பின்னால் முழுசாக ஒளிந்திருக்கும். ஆனால் கேமரா மேட்டுக்கு மேலே இருப்பதால் அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று நிதானமாகப் பார்த்து, எதிரி வேறு பக்கம் திரும்பும் வரை காத்திருந்து, அப்புறம் வெளியே வரலாம். இந்த ஒரு வசதியே மொத்தச் சண்டையையும் வேறொன்றாக மாற்றிவிடுகிறது. நிஜத்தில் அந்த மேட்டைத் தாண்டிப் பார்க்க வேண்டுமென்றால் யாரோ ஒருவருடைய தலை மேட்டுக்கு மேலே வந்தாக வேண்டும்.

மூடிகளை எல்லாம் மூடிக்கொண்டால் வெளியுலகம் சின்னச் சின்னப் பெரிஸ்கோப் கண்ணாடிகளாகச் சுருங்கிவிடும். ஒவ்வொன்றும் தபால் பெட்டியின் வாய் மாதிரி ஒரு நீளமான துண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பது தெரியாது. டாங்கிக்கு ரொம்பப் பக்கத்தில், தரையோடு தரையாக இருப்பதும் தெரியாது. ராக்கெட் லாஞ்சரோடு பள்ளத்தில் படுத்திருக்கும் ஒரு காலாள் வீரனுக்கு டாங்கி நன்றாகத் தெரியும், டாங்கிக்கு அவன் தெரிய மாட்டான். அதனால்தான் பல படைகளில் கமாண்டர்கள் மூடியைத் திறந்து தலையை வெளியே வைத்தே சண்டை போடுகிறார்கள். 1973-இல் அரபு நாடுகளோடு நடந்த போரில் இஸ்ரேலின் டாங்கி கமாண்டர்கள் அப்படித்தான் போரிட்டார்கள். அதனாலேயே குண்டுச் சில்லுகளுக்குப் பலியானவர்களில் கமாண்டர்கள் அதிகம். நன்றாகப் பார்க்க வேண்டுமா, தலை தப்ப வேண்டுமா என்ற தேர்வு அவர்களுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் வந்துகொண்டே இருந்தது. மிதக்கும் கேமராவில் விளையாடும் நமக்கு அந்தத் தேர்வு ஒரு தடவைகூட வருவதில்லை.

பார்வையில் இன்னொரு பாதி இருக்கிறது: கண்ணில் பட்டது யார் என்று தெரிந்துகொள்வது. கேமில் நம் ஆட்களின் தலைக்கு மேல் ஒரு நிறத்தில் பெயர், எதிரியின் தலைக்கு மேல் இன்னொரு நிறத்தில் குறி. நிஜத்தில் தெர்மல் சைட்டில், அதாவது வெப்பத்தை வைத்துப் பார்க்கும் கருவியில், கண்ணை வைக்கும் கன்னருக்கு (குறி வைத்துச் சுடுபவர்) தெரிவது ஒரு சூடான புள்ளி. அங்கே என்னமோ இருக்கிறது என்று தெரிவது முதல் படி. அது லாரியா டாங்கியா என்று பிரித்தறிவது அடுத்த படி. எந்த டாங்கி, யாருடையது என்று அடையாளம் காண்பது மூன்றாவது படி. ஒவ்வொரு படிக்கும் இன்னும் கிட்டே போக வேண்டும். குண்டு போய்ச் சேரும் தூரமோ இந்த மூன்றாவது படியின் தூரத்தைவிடப் பல சமயம் அதிகம். மூன்று கிலோமீட்டரில் உன்னால் அடிக்க முடியும். அடிப்பது யாரை என்று உனக்கு நிச்சயமாகத் தெரியாது. எதிராளி அடிப்பதற்குள் அடித்தால்தான் பிழைப்பாய் என்பதும் அதே நொடியில் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

1991 வளைகுடாப் போரில் சண்டையில் இறந்த அமெரிக்க வீரர்களில் 35 பேர் தங்கள் படையே சுட்டதில் இறந்தார்கள். கிட்டத்தட்ட நாலில் ஒருவர். இத்தனைக்கும் வண்டிகளில் தலைகீழ் வி வடிவத்தில் பெரிதாக அடையாளம் வரைந்திருந்தார்கள். 2003 மார்ச் 25 அன்று பஸ்ராவுக்கு அருகே ஒரு சேலஞ்சர் 2, இன்னொரு சேலஞ்சர் 2-ஐ எதிரி என்று நினைத்துச் சுட்டது. உள்ளே இருந்தவர்களில் இருவர் இறந்தார்கள். சுட்டவர்களும் அதே படை, அதே பயிற்சி, அதே டாங்கி. இந்தச் சம்பவத்தைப் படித்த நாளிலிருந்து, கேமில் எதிரி மேல் குறி தெரிகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இது ஞாபகம் வருகிறது. வீரர்கள் சுமக்கிற மிகக் கனமான சுமையை அந்தச் சின்னக் குறி நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறது.

'73 ஈஸ்டிங்' என்று அழைக்கப்படும் சண்டையையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் கேம் மாதிரி நடந்த சண்டை என்று பலர் காட்டுவது அதைத்தான். 1991 பிப்ரவரி 26, ஈராக் பாலைவனம், மணல் புயல். கேப்டன் எச்.ஆர். மெக்மாஸ்டர் தலைமையில் 9 ஆப்ராம்ஸ் டாங்கிகளும் சில பிராட்லி கவச வண்டிகளும் முன்னேறிக்கொண்டிருந்தன. ஒரு சின்ன மேட்டைத் தாண்டியதும், மறுபக்கச் சரிவில் மறைவாக நின்றிருந்த ஈராக்கிய டி-72-கள் எதிரே வந்தன, தூரம் சுமார் 1,400 மீட்டர். 23 நிமிஷத்தில் அந்தப் பிரிவு 28 டாங்கிகளை அழித்தது. அவர்கள் தரப்பில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. மணல் புயலில் ஈராக்கியர்களால் பார்க்க முடியவில்லை. அமெரிக்கர்களின் தெர்மல் சைட் புழுதியைத் தாண்டிப் பார்த்தது. அவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அடிப்படைக் காரணங்களில் ஒன்று, பார்க்க முடிந்தவர் யார் என்பது.

இன்னொரு காரணம் அதற்கு முந்தைய வருடங்கள். அந்தப் பிரிவு ஜெர்மனியில் காலங்காலமாகப் பயிற்சி எடுத்தது, அப்புறம் பாலைவனத்தில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தது. சண்டையின் நடுவில் நடந்த ஒன்றையும் மெக்மாஸ்டரே எழுதியிருக்கிறார். வரைபடத்தில் 70 என்ற கோட்டைத் தாண்டக்கூடாது என்பது உத்தரவு. அதை வானொலியில் நினைவுபடுத்தினார்கள். எதிரி குலைந்துபோன அந்த நேரத்தில் நின்றால் அவர்கள் சுதாரித்துக்கொள்வார்கள் என்று நினைத்தவர், தாண்டிப் போனார். சரியாகத்தான் முடிந்தது. ஆனால் தவறாக முடிந்திருந்தால், பக்கத்துப் பிரிவு அவர்களையே எதிரி என்று சுட்டிருக்கலாம். அந்தக் கோடு போட்டிருப்பதே அதற்காகத்தான். கேமில் வரைபடத்தின் ஓரம் மட்டும்தான் எல்லை.

அடுத்தது அந்த நாலு பேர். கேமில் நீங்கள்தான் கமாண்டர், கன்னர், லோடர் (குண்டு ஏற்றுபவர்), டிரைவர் எல்லாம். பார்த்த கண்ணே குறி வைக்கிறது, குறி வைத்த விரலே வண்டியையும் ஓட்டுகிறது. ஆப்ராம்ஸ் மாதிரியான நிஜ டாங்கியில் இந்த நாலு வேலையும் நாலு தலைக்குள் இருக்கின்றன, அவற்றை இணைப்பது காதில் மாட்டியிருக்கும் ஹெட்செட் மட்டும்தான். ஆப்ராம்ஸில் ஒரே ஒரு குண்டு எப்படிச் சுடப்படுகிறது என்று பாருங்கள்.

கமாண்டர் எதையோ பார்க்கிறார். தன் கைப்பிடியை அழுத்தி டரெட்டை அந்தப் பக்கம் திருப்புகிறார். "கன்னர், சேபட், டாங்க்!" யார் சுட வேண்டும், எந்த வகைக் குண்டு, இலக்கு என்ன. மூன்று சொல்தான். கன்னர் சைட்டில் தேடுகிறார், பரந்த பார்வையிலிருந்து நெருக்கமான பார்வைக்கு மாற்றுகிறார், கிடைத்ததும் "ஐடென்டிஃபைட்!" அந்த ஒரு சொல் வரும் வரை கமாண்டருக்கு இவர் எதைப் பார்க்கிறார் என்ற பதைப்பு. இதற்குள் லோடர் முழங்காலால் ஒரு சுவிட்சைத் தட்டுகிறார். பின்பக்கக் கதவு திறக்கிறது. 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள குண்டை உருவி எடுத்து, திருப்பி, குழலின் வாயில் தள்ளி, தன் உடம்பைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். சுட்டதும் அந்தக் கனமான இரும்பு பின்னோக்கி வரும், நடுவில் கை இருந்தால் கை போய்விடும். ஒதுங்கிய பிறகுதான் "அப்!" கமாண்டர் "ஃபயர்!" கன்னர் "ஆன் த வே!" அப்புறம் வெடிச் சத்தம், புகை நாற்றம், குண்டின் அடிப்பகுதியாக இருந்த சூடான உலோகத் தட்டு டரெட்டின் தரையில் விழும் சத்தம். இவ்வளவும், வண்டி குலுங்கிக்கொண்டு ஓடும்போது, சில நொடிகளில்.

கேமில் லோடருக்கு ஒரு குண்டு ஏற்ற எப்போதும் அதே நேரம்தான் ஆகும். தூங்காமல் மூன்றாவது நாளில் இருக்கும் மனிதனுக்கு அப்படி இருக்காது. முதல் குண்டுக்கு ஆன நேரமும் பன்னிரண்டாவது குண்டுக்கு ஆன நேரமும் வேறு.

டிரைவரின் நிலைமை இன்னும் தனி. அவர் முன்னால், கீழே, கிட்டத்தட்ட மல்லாந்து சாய்ந்தபடி இருக்கிறார். பின்னால் என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. சுட்டதும் பின்வாங்க வேண்டும் என்றால் கமாண்டர் சொல்கிற குரலை நம்பி, அறுபது டன் எடையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறார். பள்ளத்தில் பின்பக்கமாக இறங்கிக் கவிழ்ந்த டாங்கிகள் உண்டு. அதோடு, டரெட் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றுவிட்டால் குழல் டிரைவரின் மூடிக்கு மேலே வந்துவிடும், மூடியைத் திறக்க முடியாது. அடி விழுந்து டரெட் அப்படியே உறைந்துபோனால் என்ன ஆகும் என்று டிரைவர்கள் எல்லோரும் யோசித்திருப்பார்கள். கேமில் டிரைவர் என்பது படத்தில் ஒரு உருவம். அடிபட்டால் சிவப்பாகும், சில நொடியில் இன்னொரு உருவம் அந்த இடத்துக்கு வரும்.

இதுதான் அடி விழுந்த பிறகு நடப்பதைப் பற்றிய பேச்சுக்குக் கொண்டுவருகிறது. வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் டாங்கிக்கு உயிர்ப் புள்ளிகள் உண்டு, அவை தீரும் வரை சண்டை போடலாம். வார் தண்டர் அதைவிட எவ்வளவோ மேல், எந்தப் பாகத்தில் பட்டது என்று பார்க்கிறது. ஆனால் அதிலும் உள்ளே இருக்கும் நாலு பேரில் இருவர் செத்தாலும் மிச்சம் இருப்பவர்கள் இடம் மாறி உட்கார்ந்து சண்டையைத் தொடர்வார்கள். சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலி அறுந்தால் அரை நிமிஷம் நின்றால் சரியாகிவிடும். நிஜத்தில் சங்கிலி கழன்றால் நாலு பேரும் வெளியே இறங்கிக் கடப்பாரை, சம்மட்டி, இழுவைக் கம்பி என்று சேற்றில் மல்லுக்கட்ட வேண்டும், மணிக்கணக்காகலாம். குண்டு மழைக்கு நடுவில் அதைச் செய்ய முடியாது. அதனால் அந்த டாங்கி அந்தச் சண்டையைப் பொறுத்தவரை முடிந்தது.

படைகள் இந்தச் சேதத்தை வெவ்வேறு வகையாகப் பிரிக்கின்றன: நகர முடியாமல் போவது, சுட முடியாமல் போவது, திரும்பச் சரிசெய்யவே முடியாதபடி அழிவது. கேமில் மூன்றாவதுக்குத்தான் பெரிய மதிப்பெண். போரில் முதல் இரண்டே பெரும்பாலும் போதும், ஏனென்றால் கண் தெரியாத, நகராத டாங்கிக்குள் மனிதர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இறங்கி ஓடிவிடுவார்கள். அது கோழைத்தனம் இல்லை, பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பது. டாங்கியை இன்னொன்று செய்துகொள்ளலாம். 2022-இல் உக்ரைனில் எத்தனையோ டாங்கிகள் குண்டே படாமல், எரிபொருள் தீர்ந்தோ சேற்றில் புதைந்தோ கைவிடப்பட்டுக் கிடந்தன. விவசாயிகள் டிராக்டரில் கட்டி இழுத்துப்போன படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. கைவிடப்பட்ட டாங்கி என்ற ஒன்றே நான் விளையாடிய கேம்களில் அநேகமாகக் கிடையாது.

2024 ஜனவரியில் அவ்திவ்காவுக்கு அருகே ஸ்தெபோவே என்ற கிராமத்தில் நடந்ததை நீங்கள் வீடியோவில் பார்த்திருக்கலாம். இரண்டு உக்ரைனிய பிராட்லிகள், ரஷ்யாவின் ஆகப் புதிய வகைகளில் ஒன்றான டி-90எம் டாங்கியை மிகக் கிட்டத்திலிருந்து 25 மில்லிமீட்டர் துப்பாக்கியால் விடாமல் அடித்தன. அந்தச் சின்னக் குண்டால் முன் கவசத்தைத் துளைக்க முடியாது. ஆனால் சைட்டுகளும் கருவிகளும் நொறுங்கின. டரெட் கட்டுப்பாடில்லாமல் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. கடைசியில் டாங்கி மரத்தில் போய் முட்டி நின்றது, உள்ளே இருந்தவர்கள் வெளியேறினார்கள். பல கேம்களில் இந்தச் சண்டையை நடத்திப் பார்த்தால், குண்டு துளைக்கவில்லை என்று எழுத்து வந்துகொண்டே இருக்கும், அப்புறம் டி-90எம் நிதானமாகத் திரும்பி இரண்டையும் ஒவ்வொரு குண்டில் முடித்துவிடும்.

ஆனால் இதே சம்பவத்தில் கேம்களுக்கு ஆதரவான சாட்சியமும் இருக்கிறது, அதை மறைத்தால் என் பதில் நியாயமாக இருக்காது. அந்த பிராட்லிகளில் ஒன்றின் கன்னர் பிறகு தொலைக்காட்சிப் பேட்டியில், எங்கே அடிக்க வேண்டும் என்பது தனக்கு வீடியோ கேம் விளையாடிய பழக்கத்தில் ஞாபகம் வந்தது என்று சொன்னார். எதிரி டாங்கியின் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எது பலவீனம் என்ற அறிவை கேம் ஒருவருக்குள் பதித்துவிட்டது. அது அவர் உயிரைக் காப்பாற்ற உதவியது. அதனால்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன், இரும்பு விஷயத்தில் கேம்களை நம்பலாம்.

மற்ற நேரம் எப்படிப் போகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எந்தக் கேமும் அதைக் காட்டாது, காட்டினால் யாரும் விளையாட மாட்டார்கள். ஆப்ராம்ஸின் தொட்டி சுமார் 1,900 லிட்டர் கொள்ளும். நகராமல் நின்று எஞ்சின் ஓடினாலே மணிக்குச் சுமார் 40 லிட்டர் குடிக்கும். அதனால் டாங்கிப் படையின் வேகம் என்பது எரிபொருள் லாரிகளின் வேகம். சங்கிலியின் இழுவிசை பார்ப்பது, தளர்ந்த போல்ட்டுகளை இறுக்குவது, காற்று வடிகட்டியில் மண் தட்டுவது, தூரத்தில் ஒரு புள்ளியை வைத்துக் குழலும் சைட்டும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்று சரிபார்ப்பது, இது தினசரி வேலை. வெயில் ஒரு பக்கமாக விழுந்தாலே குழல் லேசாக வளையும், தூரத்தில் குண்டு வேறு இடத்துக்குப் போகும். கேமில் குழல் எப்போதும் நேராகவே இருக்கிறது. டாங்கி வீரர்கள் எழுதியதைப் படித்தால் பாதிப் பக்கங்கள் தூக்கமின்மையும் கிரீஸும் குளிரும் காத்திருப்பும்தான்.

இன்றைய போரை எடுத்துக்கொண்டால் இடைவெளி இன்னும் அகலமாகிவிட்டது. கேம் என்றால் டாங்கியும் டாங்கியும் நேருக்கு நேர். உக்ரைனில் அது அபூர்வம். அதனால்தான் ஸ்தெபோவே வீடியோ அவ்வளவு பேசப்பட்டது. 2023 ஜூனில் ஓரிகிவ் நகருக்குத் தெற்கே லெப்பர்ட் 2-களும் பிராட்லிகளும் வரிசையாகச் சிக்கிக் கிடந்த படங்களைப் பாருங்கள். அங்கே முதலில் நிறுத்தியது கண்ணிவெடி. கண்ணிவெடி அகற்றி உண்டாக்கிய ஒற்றைத் தடத்தில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக முடியும். முன்னால் போவது அடிபட்டு நின்றால் பின்னால் வருவது தடத்தை விட்டு விலக வேண்டும்; விலகினால் அடுத்த கண்ணிவெடி. பின்வாங்கவும் வழியில்லாமல் நிற்கும்போது பீரங்கிக் குண்டுகள் வந்து விழும். கேமில் பக்கவாட்டில் சுற்றிப் போ என்பது எப்போதும் கிடைக்கிற வழி. அங்கே அந்த வழிக்கு வெடி வைத்திருந்தார்கள்.

அப்புறம் ட்ரோன். சில நூறு டாலர் பெறும் சிறு ட்ரோன் மேலிருந்தோ பின்னாலிருந்தோ வந்து, கவசம் மெல்லியதாக உள்ள இடத்தில் மோதுகிறது. ஓட்டுபவர் பல கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். இதனால் டாங்கிகள் முன்வரிசைக்குப் பின்னால் ஒளிந்திருந்து, தூரத்திலிருந்து பீரங்கி மாதிரி சில குண்டுகள் சுட்டுவிட்டு மறைகின்றன. 2024-இல் ரஷ்யர்கள் டாங்கியின் மேல் தகரக் கொட்டகையே கட்டி அனுப்பத் தொடங்கினார்கள், ஆமை டாங்கி என்று பெயர் வந்தது. அதில் டரெட்டைச் சரியாகத் திருப்ப முடியாது, உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே அநேகமாக எதுவும் தெரியாது. கேமில் யாரும் தன் டாங்கியை இப்படிச் செய்துகொள்ள மாட்டார்கள். ஆனால் கண்ணிவெடிகளைத் தாண்டி, மேலே ட்ரோன்கள் சுற்றும்போது ஒரு கிலோமீட்டர் உயிரோடு போய்த் திரும்ப வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு அது நியாயமாகப் பட்டிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, படைகளே சிமுலேட்டர் பயன்படுத்துகின்றனவே என்று கேட்கலாம். ஆமாம், ரொம்ப நாளாக. 1980-இல் வந்த அட்டாரியின் பேட்டில்சோன் கேமைப் பார்த்துவிட்டு, பிராட்லி கன்னர்களின் பயிற்சிக்காக அதை மாற்றித் தரும்படி அமெரிக்க ராணுவத் தரப்பு கேட்டது. 80-களில் சிம்நெட் என்ற பெயரில், வெவ்வேறு ஊர்களில் இருக்கும் டாங்கிக் குழுக்கள் ஒரே செயற்கைக் களத்தில் மோதும் வலையமைப்பை உருவாக்கினார்கள். 73 ஈஸ்டிங் முடிந்த பிறகு, அதில் இருந்தவர்களிடம் பேசி, களத்தை அளந்து, அந்தச் சண்டையை சிம்நெட்டுக்குள்ளேயே திரும்பக் கட்டினார்கள். ஸ்டீல் பீஸ்ட்ஸின் தொழில்முறைப் பதிப்பைப் பல நாடுகளின் படைகள் இன்றும் பயன்படுத்துகின்றன. ஆனால் அவர்கள் அதில் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் பேச்சு: யார் யாரிடம் எப்போது எதைச் சொல்ல வேண்டும், உத்தரவை எப்படிச் சுருக்கமாகக் கொடுக்க வேண்டும், தகவல் பாதி கிடைத்திருக்கும்போது எப்படி முடிவெடுக்க வேண்டும். நாம் தனியாக உட்கார்ந்து விளையாடும்போது விட்டுவிடுகிற அதே பகுதி.

நிஜத்துக்குக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க ஆசை என்றால், வார் தண்டரில் வெளிக் கேமராவும் எதிரி மேல் குறியும் இல்லாத சிமுலேட்டர் முறையில் ஒரு வாரம் ஆடுங்கள். முதல் நாளே நம் ஆளை நாமே சுடுவோம். தனியாக ஆடுபவர்களுக்கு 'கன்னர் ஹீட் பீசி' என்ற கேம் நல்லது. அந்தப் பெயரே நான் மேலே சொன்ன மாதிரியான ஒரு சுடும் உத்தரவுதான். ஆனால் என் விருப்பம், மூன்று பேராவது சேர்ந்து ஆர்மாவிலோ ஸ்குவாடிலோ ஒரே டாங்கியில் ஏறுவது. ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் சுடட்டும், ஒருவர் கமாண்டர். ஓட்டுபவர் கமாண்டரின் திரையைப் பார்க்கக்கூடாது, குரலை மட்டும் கேட்க வேண்டும். நாங்கள் அப்படி முதல் தடவை ஆடியபோது ஒரு குண்டுகூடச் சுடவில்லை. மேட்டுக்குப் பின்னால் நின்று, "எந்த மரம்?", "இடது பக்க மரம்", "யாருக்கு இடது?" என்று கத்திக்கொண்டிருந்தபோதே அடி வாங்கிவிட்டோம்.